இலைக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

பூவரசம் பூவைக் காலையில் பார்த்திருக்கிறீர்களா? எலுமிச்சை மஞ்சளில் ஐந்து இதழ்கள் ஒன்றையொன்று தழுவியபடி சுருண்டிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பு. அதே பூவைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மஞ்சள் மங்கி, செம்மை ஏறத் தொடங்கியிருக்கும். மறுநாள் அது ரோஜா நிறமும் ஊதாவும் கலந்து வாடி நிற்கும், இல்லாவிட்டால் மரத்தடியில் கிடக்கும்.

இந்தப் பூவை ஒரு சிறுமி எடுத்துவந்து, காகிதத்துக்கு நடுவே வைத்துக் காயவைத்து, தன் ஸ்கிராப் புத்தகத்தில் ஒட்டுகிறாள். கீழே முத்து முத்தான எழுத்தில் ‘பூவரசம் பூ’ என்று எழுதுகிறாள். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு என்ன தெரியும்? பழுப்பும் ஊதாவுமாக ஒரு சருகு. ஒட்டும்போது அது மஞ்சளாக இருந்ததா, சிவந்துவிட்டிருந்ததா? மரத்திலிருந்து பறித்ததா, தரையில் பொறுக்கியதா? எந்த ஊர், எந்த மாதம்? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காய்ந்த பூ இதையெல்லாம் சொல்லாது. ‘காலை 8 மணி. மரத்திலேயே இருந்தது. மஞ்சள்’ என்று பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஸ்கிராப் புத்தகம் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய்ப் படத்தாள் வாங்குகிறோம். வெட்டுகிறோம், ஒட்டுகிறோம், ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போடுகிறோம். பொறுமையும் கைத்திறமையும் வேண்டிய வேலை அது. ஆனால் படத்துக்குக் கீழே வரும் வரிகள் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மரங்கள் மழையைத் தருகின்றன. மரங்களைக் காப்போம்.’ நல்ல வரிகள்தான். உலகத்தில் உள்ள எந்த மரத்துக்குக் கீழே எழுதினாலும் பொருந்தும். ஆனால் உங்கள் தெருவில் நிற்கும் அந்த மரத்தைப் பற்றி அவை எதுவுமே சொல்லவில்லையே! இன்னொன்று, இந்த வரிகளை எப்போது வேண்டுமானாலும் ஒரு புத்தகத்தில் தேடி எடுத்துவிடலாம். நேற்றுக் காலை உங்கள் மரத்தில் எத்தனை பூ இருந்தது என்பதை எங்கே தேடுவீர்கள்? நீங்கள் எழுதினால்தான் உண்டு.

இலைகளை ஒட்டிப் பக்கத்தில் குறிப்பெழுதும் வேலையைத் தாவரவியலாளர்கள் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கீனி என்ற பேராசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் செடிகள் பட்டுப்போன பிறகும் மாணவர்களுக்குச் செடிகளைக் காட்ட வேண்டுமே! அதற்காகச் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார். அப்படிச் சேர்த்துவைக்கும் இடத்துக்குப் பெயர்தான் ஹெர்பேரியம். தமிழில் உலர் தாவரகம் என்கிறோம். நம் பக்கத்திலேயே பெரிய ஒன்று உண்டு. கோயம்புத்தூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம் என்று இன்னொன்று இருக்கிறது. 1967இல் கே. எம். மேத்யூ என்ற பாதிரியார் தொடங்கியது.

ஒரு ஹெர்பேரியத் தாளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம், கெட்டியான வெள்ளைத்தாள். நடுவில் ஒரு சிறு கிளை. இலை, பூ, முடிந்தால் காயும் இருக்கும். எல்லா இலையும் ஒரே பக்கத்தைக் காட்டாது. ஒன்றிரண்டையாவது திருப்பி வைத்திருப்பார்கள், அடிப்பக்கமும் தெரிய வேண்டும் என்பதற்காக. வலது கீழ் மூலையில் ஒரு சிறு சீட்டு. செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர், அவர் கொடுத்த வரிசை எண். அதற்குக் கீழே குறிப்புகள்: ‘சுமார் 6 மீட்டர் உயர மரம். பட்டை சாம்பல் நிறம். பூ மஞ்சள், மணமில்லை. ஓடைக்கரையில் நின்றது.’ ஊர்க்காரர்கள் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதும் இருக்கும்.

இந்தக் குறிப்புகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இலை எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. விளிம்பு ரம்பம் போல இருக்கிறதா என்று எழுதவில்லை. ஏன்? தாளில் இலையே இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். எழுதியிருப்பதெல்லாம் தாளுக்கு வராதவை, அல்லது காய்ந்தால் போய்விடுபவை. மரத்தின் உயரம் தாளில் அடங்காது. மணம் பறந்துவிடும். காம்பை ஒடித்தால் பால் வந்ததா என்பது காய்ந்த காம்பில் தெரியாது. நிறம் மாறிவிடும். இலையின் பச்சைக்குக் காரணமான பச்சையம் மெல்லச் சிதைவதால் இலை பழுப்பாகிறது. சிவப்பாகப் பறித்த செம்பருத்தி காயும்போது ஊதாவாகிக் கறுத்துவிடுகிறது.

ஆகவே ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம் என்று யோசிக்கும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் இந்தப் பொருள் தானாகச் சொல்ல முடியாதது எது? பக்கத்தில் எழுத வேண்டியது அதைத்தான். இலைக்கு மட்டும் அல்ல, பேருந்து டிக்கெட்டுக்கும், இறகுக்கும், போட்டோவுக்கும் இதே கேள்விதான். சுற்றுலாப் போட்டோவுக்குக் கீழே ‘நாங்கள் சிரிக்கிறோம்’ என்று எழுத வேண்டாம், அது படத்திலேயே தெரிகிறது. எதற்காகச் சிரித்தீர்கள், போட்டோ எடுத்தது யார் என்று எழுதுங்கள். எடுத்தவர்தான் படத்தில் இருக்கவே மாட்டாரே! இன்னொன்றையும் கவனியுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டால் பெரும்பாலும் படம் மட்டும்தான் தாளுக்கு வரும். அதனால் பிரிண்ட் வாங்கிய அன்றே பின்பக்கம் தேதியை எழுதிவிட வேண்டும்.

“எல்லாம் ஞாபகம் இருக்கும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம்” என்று தோன்றுகிறதா? உலகின் மிகச் சிறந்த கவனிப்பாளர் ஒருவருக்கே அப்போதே குறித்து வைக்காததால் சிக்கல் வந்தது. சார்லஸ் டார்வின் 1835 செப்டம்பரில் கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார். தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில், சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவுக்கூட்டம் அது. அங்கே சிறு சிறு குருவிகளைப் பிடித்துப் பாடம் செய்து வைத்தார். ஒன்றுக்குத் தடித்த அலகு, ஒன்றுக்கு மெல்லிய அலகு. அவை வெவ்வேறு குடும்பத்துப் பறவைகள் என்று அப்போது நினைத்ததால், எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தார் என்பதைப் பெரும்பாலும் குறிக்கவில்லை. லண்டனுக்குத் திரும்பிய பின், 1837இல், பறவை நிபுணர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்து, இவை எல்லாமே ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்றார். அப்படியானால் ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு விதமாக இவை மாறினவா? இந்தக் கேள்விக்குத் தீவின் பெயர் வேண்டும். டார்வினின் சீட்டில் அது இல்லை!

நல்ல வேளையாக டார்வின் போன கப்பலில் இருந்த வேறு சிலரும் குருவிகளைச் சேர்த்திருந்தார்கள். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் ஒருவர். சிம்ஸ் கவிங்டன் இன்னொருவர். சிறுவனாகக் கப்பலில் வேலைக்கு வந்து, பிறகு டார்வினுக்கு உதவியாளரானவர் அவர். எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்பதை இவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். டார்வின் அந்தக் குருவிகளைப் பார்த்துத்தான் தன் குறையை ஓரளவு சரிசெய்துகொண்டார். மாணவர்கள் ஸ்கிராப் புத்தகத்தில் இடத்தின் பெயரை விட்டுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிம்ஸ் கவிங்டன்தான் நினைவுக்கு வருவார். அறிஞர் விட்ட வரியை உதவியாளப் பையன் எழுதி வைத்திருந்தான்!

ஞாபகம் எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சிறிது நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தன்னையே சோதிப்பார். 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி சீரான வேகத்தில் நடப்பதில்லை. தொடக்கத்தில்தான் மளமளவென்று போகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகு வேகம் குறைகிறது. நீங்கள் பார்க்கும் பூவும் எறும்பும் அர்த்தமில்லாத அசைகள் அல்ல, அவை இன்னும் கொஞ்ச நேரம் மனதில் தங்கும். இருந்தாலும் எத்தனை பூ, எந்தக் கிளை, என்ன மணம் போன்ற நுணுக்கங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கலங்கிவிடும். மரத்தடியில் நிற்கும்போதே ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தில் எழுதுவதுதான் நல்ல வழி.

சரி, ஒரு பக்கத்தை எழுதிப் பார்ப்போம். பூவரசையே எடுத்துக்கொள்கிறேன்.

‘ஆகஸ்ட் 12, காலை 7.30. வாய்க்கால் பாலத்துக்கு வடக்கே இரண்டாவது பூவரசு. நேற்று இரவு மழை, தரை ஈரம். கைக்கு எட்டும் கிளைகளில் 9 பூ. 6 மஞ்சள், 3 சிவந்துவிட்டது. இலையின் அடிப்பக்கத்தில், காம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நடு நரம்பின் மேல் சிறிய கறுப்பு எறும்புகள். பார்த்த 10 இலையில் 4இல் இருந்தன. பூவில் எறும்பு இல்லை. ஏன்? பிஞ்சுக் காயைக் கிள்ளினேன், மஞ்சளாகப் பிசுபிசுத்தது. தம்பி இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினான். முதல் இலை கிழிந்தது, இளம் இலைதான் நன்றாக ஊதியது. பாட்டி சின்ன வயதில் இந்த இலையில் வைத்துக் கொழுக்கட்டை அவித்திருக்கிறாராம்.’

இவ்வளவுதான். மொத்தம் பத்துப் பதினைந்து வரி. அலங்காரமாக ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தை உலகத்தில் வேறு யாராலும் எழுத முடியாது. அந்த எறும்பு வரியைப் பாருங்கள். ‘எறும்பு இலையில் தேன் குடிக்கிறது’ என்று எழுதவில்லை. எறும்பு எங்கே நின்றது, எத்தனை இலையில் நின்றது என்று மட்டும் எழுதியிருக்கிறது. கண்ணால் கண்டதை முதலில் எழுத வேண்டும், ஊகத்தைத் தனியாக, ‘இருக்கலாம்’ என்று சேர்த்து எழுத வேண்டும். ஊகம் பின்னால் தவறாகப் போகலாம், கண்டது மாறாது. பூவரசு இலையின் அடியில், நடு நரம்பில், உண்மையிலேயே ஒரு சிறிய தேன் சுரப்பி இருக்கிறது. பூவில் மட்டும் அல்லாமல் இலையிலும் தேன் சுரக்கும் செடிகள் பல உண்டு. ‘பூவில் எறும்பு இல்லை. ஏன்?’ என்று எழுதிய பிள்ளை ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு அந்த நரம்பைத் தேடிப் போகும். விடை தெரியாத கேள்வியையும் தைரியமாகப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

‘இல்லை’ என்பதும் செய்திதான். ஒரு வாரம் போய்ப் பார்க்கிறீர்கள், மரத்தில் பூவே இல்லை. எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு ‘பூ இல்லை’ என்று எழுதுங்கள். அடுத்த வாரம் பூ வந்தால், அது எந்த வாரத்தில் தொடங்கியது என்று சொல்ல அந்த வரிதான் சாட்சி. இந்தியா முழுவதும் ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் இருக்கிறதா இல்லையா என்று குறிக்கிறார்கள்.

இப்படி எழுதி வைத்த வரிகள் பின்னால் எதற்கு உதவும் என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கான்கார்ட் என்ற ஊரில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் இருந்தார். 1850களில் ஊரைச் சுற்றி நடந்து நடந்து, எந்தக் காட்டுப்பூ எந்தத் தேதியில் முதலில் பூத்தது என்று நூற்றுக்கணக்கான செடிகளுக்குக் குறித்து வைத்தார். ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் பிரிமாக் என்ற தாவரவியலாளரும் அவருடைய மாணவரும் அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு, அதே ஊரில் அதே பூக்களைத் தேடினார்கள். பல செடிகள் தோரோ காலத்தைவிடச் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் பூக்கின்றன என்று தெரியவந்தது. வசந்தகாலம் சூடாகிக்கொண்டே வருவதற்கு அந்தப் பூக்கள் சாட்சி சொல்லின. புவி வெப்பமாதல் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதிய தேதிகள் அவை!

இதைவிட என்னை வியக்க வைப்பது இன்னொரு கதை. இலைகளின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். அந்த இலைத்துளைகள் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது. துளை அதிகமாக இருந்தால் காற்று நிறையக் கிடைக்கும், ஆனால் தண்ணீரும் நிறையப் போகும். இயான் உட்வர்ட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஹெர்பேரியத் தாள்களை எடுத்தார். 200 ஆண்டுகளில் வெவ்வேறு காலத்தில் சேகரிக்கப்பட்ட 8 வகை மரம் செடிகளின் இலைகள். ஒவ்வொன்றிலும் துளைகளை நுண்ணோக்கியில் எண்ணினார். பழைய இலைகளில் துளை அதிகம், புதிய இலைகளில் குறைவு. 200 ஆண்டுகளில் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. பிறகு அது கூடிக்கொண்டே வந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காற்றில் அது தாராளமாகக் கிடைப்பதால் செடிகள் குறைவான துளைகளோடு இலைகளை வளர்க்கின்றன. 1987இல் உட்வர்ட் இதை வெளியிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்த இலைகளை ஒட்டியவர்களுக்கு இலைத்துளையை எண்ணுவது நோக்கமே அல்ல. ஆனால் ஒவ்வொரு தாளிலும் அவர்கள் தேதியை எழுதியிருந்தார்கள். தேதி இல்லாத இலை எவ்வளவு அழகாக ஒட்டப்பட்டிருந்தாலும் இந்த ஆராய்ச்சிக்கு உதவியிருக்காது. இலைத்துளையை நீங்களும் பார்க்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிதாகத் தடவி, நன்றாகக் காய்ந்ததும் மேலே செலோ டேப்பை ஒட்டி மெதுவாக உரித்தெடுங்கள். அந்தப் படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டி குட்டி வாய்களாகத் தெரியும். அறிவியல் ஆசிரியர் கூட இருக்கும்போது செய்யுங்கள்.

ஒட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பச்சை இலையை அப்படியே ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றுங்கள். இலை மொடமொடவென்று ஆனபிறகு ஒட்டுங்கள். ஆனால் செய்தித்தாளையே பக்கத்தில் ஒட்டி வைக்காதீர்கள். அது மரக்கூழில் செய்தது, அதில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெயிலும் காற்றும் பட்டு மஞ்சளாகிவிடும். செலோ டேப்பும் சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசின் கறையை விட்டுவிட்டு உரிந்துவிடும். ஹெர்பேரியங்களில் தடித்த காம்புகளை ஊசி நூலால் தாளோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நீங்களும் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஊசி நூல் வாங்கித் தைக்கலாம். எருக்கு, அரளி போன்றவற்றின் பால் கண்ணில் படக்கூடாது, தொட்டால் உடனே கையைக் கழுவுங்கள். பறிப்பதைவிட உதிர்ந்ததைப் பொறுக்குவதே நல்லது.

எழுதுவதற்குப் பென்சிலே போதும். பென்சிலின் கிராஃபைட் சுத்தமான கார்பன், வெயிலில் வெளுக்காது, தண்ணீர் பட்டாலும் கரைந்து ஓடாது. அருங்காட்சியகங்களில் மீனையும் தவளையையும் சாராயக் கரைசலில் போட்டு வைக்கும் ஜாடிக்குள் ஒரு சீட்டையும் போடுவார்கள். சாதாரண மையில் எழுதினால் கரைசலில் கரைந்துவிடும் என்பதால் அந்தச் சீட்டைப் பென்சிலால் எழுதும் வழக்கம் உண்டு. ஜிகினா பேனா பார்டருக்கு இருக்கட்டும்.

எழுதியதில் பிழை இருந்தால் என்ன செய்வது? ரப்பரால் அழிக்காதீர்கள். ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போடுங்கள். ஹெர்பேரியங்களில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய தாளில் செடியின் பெயர் தப்பாக எழுதப்பட்டிருப்பதை இன்று ஒருவர் கண்டுபிடித்தால், பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார். அதைத் தொடாமல், சரியான பெயர், தன் பெயர், தேதி மூன்றையும் ஒரு சிறு சீட்டில் எழுதி அருகில் ஒட்டுவார். அவருக்குப் பிறகு வருபவர் மாறுபட்டால் அவரும் ஒரு சீட்டு ஒட்டுவார். சில தாள்களில் இப்படி மூன்று நான்கு சீட்டுகள்கூட இருக்கும். உங்கள் பக்கத்தின் அடியிலும் நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டு வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதத்தில் அதே மரத்தடிக்குப் போய்வந்து எழுத அந்த இடம் வேண்டியிருக்கும்.